டிம்ஸ் தரவில் இரண்டு நாடுகளின் கணித அடைவை ஒப்பிடும் முறை

கொழும்பிலிருந்து எம்.எட். ஆய்வுக்கு நாடுகளின் கணித அடைவை ஒப்பிடப் போகிறவர்கள் முதலில் தேடுவது தரவரிசையைத்தான். அதை விட்டுவிட்டு மூலத் தரவை இறக்குங்கள். ஐஈஏ (IEA) என்ற சர்வதேசக் கல்வி ஆய்வு அமைப்பு நடத்தும் டிம்ஸ் (TIMSS), ஓஈசிடி (OECD) என்ற பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு நடத்தும் பீசா (PISA) ஆகிய இரண்டு மாணவர் சோதனைகளின் தரவும் இலவசம்.

பாடசாலைக் கணிதம் பற்றிய கேள்வி என்றால் டிம்ஸ். 1995 முதல் 4 வருடத்துக்கு ஒருமுறை தரம் 4, தரம் 8 மாணவர்களைச் சோதிக்கிறது (1999இல் தரம் 8 மட்டும்). பீசா வயதைத்தான் பார்க்கும். நம் கணக்கில் அந்த 15 வயதுப் பிள்ளைகள் தரம் 10, 11 என்று பிரிந்துகிடப்பார்கள். இரண்டு அளவுகோலிலும் 500 என்ற மையப்புள்ளி வரும், ஆனால் ஒரே 500 அல்ல. பக்கத்தில் வைத்துக் கழிக்காதீர்கள்.

டிம்ஸில் ஒரு மாணவர் எல்லா வினாக்களுக்கும் விடை எழுதுவதில்லை, ஒரு சிறு புத்தகம்தான். அதனால் ஒவ்வொருவருக்கும் 5 'பிளாசிபிள் வேல்யூ' (plausible value), அதாவது அவர் பெற்றிருக்கக்கூடிய புள்ளியின் ஐந்து மதிப்பீடுகள், தரப்படும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்: ஐந்தையும் மாணவருக்கு மாணவர் சராசரியாக்கிவிடுகிறார்கள், நியம விலகல் சுருங்கிவிடுகிறது. ஐந்து தடவை தனித்தனியாகக் கணித்து, கடைசியில்தான் சேர்க்க வேண்டும்.

கற்பனை எண்களில் பார்ப்போம். ஐந்து தடவை கணித்த இடைகள் (சராசரிகள்) 486.2, 487.0, 485.5, 487.6, 486.7. நாட்டின் இடை 486.6. இவற்றின் மாறற்றிறன் (நியம விலகலின் வர்க்கம்) 0.635, ஐந்து மதிப்பீடுகள் என்பதால் 1.2ஆல் (1 + 1/5) பெருக்க 0.762. மாதிரியின் பகுதிகளை மாறி மாறி விட்டுவிட்டு மீளக் கணிக்கும் ஜாக்நைஃப் முறையில் கிடைத்த நியம வழு 3.0 என்றால் அதன் வர்க்கம் 9. கூட்டினால் 9.762, வர்க்கமூலம் 3.12. மற்ற நாட்டின் வழு 4.0 என்றால் வித்தியாசத்தின் வழு ஏறத்தாழ 5.07. 95 வீத நம்பிக்கை மட்டத்துக்கு 1.96ஆல் பெருக்கினால் 9.9. ஆக, 8 புள்ளி வித்தியாசத்தை வைத்து 'முந்திவிட்டது' என்று எழுத முடியாது.

மாதிரி முழு வகுப்புகளாக எடுக்கப்படுவதால் சாதாரண நியம வழு பொய்யாகச் சிறுத்து வரும். ஜாக்நைஃபைக் கையால் செய்யத் தேவையில்லை. ஐடிபி அனலைசர் என்ற இலவச மென்பொருள் எஸ்பிஎஸ்எஸ் (SPSS), ஆர் (R) போன்ற புள்ளிவிபர மென்பொருள்களுக்குக் கட்டளைகளை எழுதித் தரும்.

நிறையைப் பற்றி, அதாவது மாதிரியிலுள்ள ஒரு மாணவர் நாட்டில் எத்தனை மாணவருக்குச் சமம் என்ற எண்ணைப் பற்றி, ஒரு வார்த்தை. நாடுகளை ஒரே மாதிரியுருவில் சேர்த்தால் மொத்த நிறை வேண்டாம், அமெரிக்கா சிங்கப்பூரை விழுங்கிவிடும். ஒவ்வொரு நாட்டுக்கும் 500 என்று சமப்படுத்திய செனட் நிறையை எடுங்கள். மாதிரி மாணவருடையது என்பதால், ஆசிரியர் கோப்பைச் சேர்த்தால் 'ஆசிரியரில் இத்தனை வீதம்' என்று எழுதக் கூடாது. 'இத்தனை வீத மாணவரின் ஆசிரியர்' என்பதே சரி.

2019 கோப்பில் இலங்கை இல்லை. அந்த இடத்தில் சாதாரண தரச் சித்தி வீதத்தைச் செருகுவது வீண். வெளியிடப்பட்ட டிம்ஸ் வினாக்களை அனுமதி பெற்று இங்கே கொடுப்பதானால், தமிழையும் சிங்களத்தையும் ஆங்கிலத்திலிருந்தே தனித்தனியாகப் பெயர்த்து, வேறொருவரைக் கொண்டு மீள ஆங்கிலத்துக்குப் பெயர்த்துப் பாருங்கள். 'குறைந்தது 5' என்பதைப் பிள்ளை '5 குறைந்தது' என்று வாசித்தால் அந்த வினா கணிதத்தைச் சோதிக்கவில்லை. முன்னோட்டத்தில் ஒரு தமிழ்மொழி வகுப்பையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.