மரங்கொத்தியைப் பார்க்கப் போகிறீர்களா? இதையெல்லாம் தவிருங்கள்

சிங்கப்பூர்ப் பூங்காக்களில் பொன்முதுகு மரங்கொத்தியைப் பார்த்ததும் "இது நம்ம ஊர்ப் பறவையாச்சே" என்று சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டுத் தென்னந்தோப்புகளில் பார்ப்பது வேறு இனம். இரண்டும் டைனோபியம் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால், முதுகின் தங்க நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். பறக்கும்போது வாலுக்கு மேலே பாருங்கள்: ஊர்ப் பறவைக்குக் கறுப்பு, இங்குள்ளதற்குச் சிவப்பு. ஊர்ப் பறவையின் தொண்டை கறுப்பில் வெள்ளைக் கீற்றாக இருக்கும். இங்குள்ளதற்கு வெள்ளைத் தொண்டையின் நடுவே ஒரே கறுப்புக் கோடு. பெண் பறவையிடம்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஊரில் அதன் கொண்டையின் பின்பகுதி சிவப்பு. இங்கே கொண்டையில் சிவப்பே இல்லை, கறுப்பில் வெள்ளைக் கீற்றுகள்தான். அதனால் சிவப்புக் கொண்டை உள்ள ஆணோடு ஜோடியாக வந்தால்கூட இரண்டு வெவ்வேறு இனம் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

நல்ல தொலைநோக்கி இருந்தால் கால் விரல்களையும் பாருங்கள். இங்குள்ளதற்கு மூன்றே விரல்கள்: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. விறைப்பான வாலை முட்டுக் கொடுத்துத்தான் செங்குத்தான மரத்தில் ஏறுகிறது.

மரத்தில் ஓட்டை இருந்தாலே மரங்கொத்தி என்று முடிவு கட்டவும் வேண்டாம். குக்குறுவான் என்ற பறவையும் பட்ட மரத்தைக் குடைந்துதான் கூடு வைக்கும்.

அப்புறம், எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். படம் எடுக்க வேண்டும் என்பதற்காகக் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிடுகிறார்கள். தன் இடத்துக்குள் வேறொரு பறவை வந்துவிட்டதாக நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடி வருகிறது. குஞ்சு இருக்கும் நேரத்தில் இது பெரிய கொடுமை. கூட்டை மறைக்கும் கிளையை ஒடிப்பது அதைவிட மோசம். வெயிலும் மழையும் நேராக உள்ளே போகும், எதிரிகளுக்கும் வழி தெரிந்துவிடும். புழு போட்டு வரவழைப்பதோ சட்டப்படியே குற்றம்: அனுமதியில்லாமல் காட்டுயிர்களுக்கு உணவு கொடுத்தால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம். பறவை வாயில் இரையோடு கூட்டுக்குப் போகாமல் பக்கத்து மரத்திலேயே கத்திக்கொண்டிருந்தால், நீங்கள் நெருக்கமாக நிற்கிறீர்கள் என்று அர்த்தம். உடனே பின்வாங்குங்கள்.

மரங்கொத்தி மரத்தைக் கொன்றுவிடும் என்ற பயமும் நம்மிடம் இருக்கிறது. அது தேடுவது எறும்பையும் வண்டுப் புழுவையும். கூட்டுக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே பட்டுப்போன மரத்தைத்தான் பார்க்கிறது. தரைவீட்டுக்காரர்களே, தோட்டத்தில் பட்ட தென்னை யார் மேலும் விழாத இடத்தில் நின்றால் அப்படியே விடுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஆளைக் கூப்பிடுவதற்கு முன் ஓட்டைக்குள் பறவை போய்வருகிறதா என்று சில நாள் தள்ளி நின்று பாருங்கள்.