ஏரி நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு: கணக்கு தப்பும் இடங்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருப்பது போன்ற வடக்கத்திய ஏரிகளில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது என்றதும், யாரோ எதையோ கொட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மட்கிய இலைதழைகளிலிருந்தும் சதுப்பு நிலத்திலிருந்தும் கரைந்து வரும் பழுப்புக் கரிமப் பொருள், வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சுகிறது. அதிலிருந்து ஓர் எலக்ட்ரான் நீரில் கரைந்த ஆக்சிஜனுக்குப் போய், எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் வடிவமான சூப்பர்ஆக்சைடு உண்டாகிறது. அது பிறகு பெராக்சைடாக மாறுகிறது. வெயில் பட்ட இயற்கை நீரில் இது உருவாவதை கூப்பர், சிகா என்ற ஆய்வாளர்கள் 1983-லேயே காட்டிவிட்டார்கள். அளவும் சொற்பம்தான். 100 நானோமோலார் (கரைந்த பொருளின் செறிவைச் சொல்லும் அலகு) என்றால் லிட்டருக்கு வெறும் 3.4 மைக்ரோகிராம்.

பெரிய தவறு இனிமேல்தான். மதியம் ஒரு பாட்டில் நீர் எடுத்து அளந்துவிட்டு, ஏரியில் இவ்வளவுதான் உருவாகிறது என்று எழுதிவிடுகிறார்கள். அது உருவாகும் வேகம் அல்ல. உருவானதில் சிதைந்ததும் ஆழத்துக்குக் கலந்து போனதும் கழிந்து நிற்கும் மிச்சம். அந்த மிச்சமும் பிற்பகலில் ஏறும், விடியலுக்கு முன் இறங்கும். ஒரே எண் வரும் இரண்டு ஏரிகளில் ஒன்று வேகமாக உருவாக்கி வேகமாக அழிப்பதாகவும், மற்றொன்று இரண்டிலும் மந்தமாகவும் இருக்கலாம். சிதைவை இருட்டில் வைத்துத் தனியாக அளந்தால்தான் இது பிடிபடும்.

அப்புறம், வடிகட்டிய நீரில் சிதைவை அளக்கும் பழக்கம். ஏரியில் பெராக்சைடை அழிப்பவை பெரும்பாலும் நுண்ணுயிர்கள், அவற்றின் கேட்டலேஸ், பெராக்சிடேஸ் நொதிகளோடு. அவற்றை வடிகட்டிவிட்டால் சிதைவு வெகுவாக மந்தமாகும். பிறகு பெராக்சைடு நிலையான பொருள் என்று முடிவுகட்டுவதில் என்ன அர்த்தம்? வடிகட்டாத நீரில் சில மணி நேரத்திலேயே பாதி போய்விடலாம். அதனால் மாதிரியை இருட்டில் வைத்து உடனே அளந்துவிடுவது நல்லது. நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தால் ஏரியில் இருந்த அளவு கிடைக்காது.

பழுப்பு ஏரி என்றால் மொத்த உற்பத்தியும் அதிகம் என்று கணக்குப் போடுவதும் அவசரம். மேற்பரப்பில் உற்பத்தி அதிகம்தான். ஆனால் அதே நிறம் புற ஊதாவைக் கீழே இறங்க விடாது. தெளிந்த ஏரியில் வெயில் ஆழமாக இறங்குவதால், ஒரு சதுர மீட்டர் பரப்புக்குக் கீழே உள்ள நீர் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வித்தியாசம் குறைந்துபோகும்.

மழை பெய்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மழைநீரில் ஏரி நீரைவிடப் பல மடங்கு பெராக்சைடு இருக்கலாம். நல்ல மழைக்குப் பின் மேற்பரப்பில் அளவு கூடினால், அதை வெயிலின் கணக்கில் எழுதக் கூடாது.