துப்பாக்கியை விலைக்கு வாங்கினால் தெரு பாதுகாப்பாகுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை காலை. அமெரிக்க நகரம் ஒன்றில், தேவாலயத்தை ஒட்டிய கார் நிறுத்துமிடம். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஓட்டி வந்தவர் இறங்க வேண்டியதில்லை. குண்டுகளை எடுத்துவிட்டு டிக்கியில் வைத்திருக்கும் துப்பாக்கியைக் காவலரே எடுத்துக்கொள்கிறார். பெயர் என்ன, இது எப்படி உங்களிடம் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கிஃப்ட் கார்டு கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மாலையில் மேசை முழுக்கத் துப்பாக்கிகளைப் பரப்பிப் படம் எடுத்து, "இத்தனை துப்பாக்கிகளைத் தெருவிலிருந்து அகற்றிவிட்டோம்" என்று நகர நிர்வாகம் அறிவிக்கிறது.

இதைத்தான் கன் பைபேக் என்கிறார்கள். துப்பாக்கியைப் பொதுமக்களிடமிருந்து விலை கொடுத்துத் திரும்ப வாங்கும் திட்டம். நம் ஊரில் தேர்தல் வந்தால் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, தேர்தல் முடிந்ததும் வாங்கிக்கொள்வார்கள். அது வேறு. இங்கே கொடுத்தது திரும்பி வராது.

இந்தத் திட்டம் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிள்ளையைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த தாய்மார்கள் எத்தனையோ ஊர்களில் இந்த மேசைகளுக்குப் பின்னால் நின்று வேலை செய்கிறார்கள். அந்த உழைப்பு வீணாகக் கூடாது. ஆனால் இதை நடத்துகிறவர்களும் ஆதரிக்கிறவர்களும் எதிர்க்கிறவர்களும் திரும்பத் திரும்பச் செய்கிற சில தவறுகள் இருக்கின்றன. அவற்றால்தான் நல்ல முயற்சி பலனில்லாமல் போகிறது.

மேசையில் கிடக்கும் எண்ணிக்கையை நம்புவது

முதல் தவறு அந்தப் படத்திலேயே இருக்கிறது. "தெருவிலிருந்து" என்ற சொல்லைப் பாருங்கள். அந்தத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை தெருவில் இருந்தவையே அல்ல. அலமாரியின் மேல்தட்டில், கட்டிலுக்கு அடியில், இறந்துபோன தாத்தாவின் பெட்டியில் கிடந்தவை.

1974இல் பால்டிமோர் நகரம் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. அமெரிக்காவில் அதுதான் முதல் முயற்சி. ஒரு துப்பாக்கிக்கு 50 டாலர் கொடுத்தார்கள். ஏறத்தாழ 13,500 துப்பாக்கிகள் குவிந்தன. எந்த அளவுகோலில் பார்த்தாலும் பெரிய எண்ணிக்கைதான். ஆனால் அதே மாதங்களில் அந்நகரில் துப்பாக்கிக் கொலைகளும் தாக்குதல்களும் குறையவில்லை, கூடின. திட்டத்தால்தான் கூடின என்று சொல்ல முடியாது. குவியல் பெரிதாக இருந்தால் கொலை குறையும் என்ற கணக்கு மட்டும் அன்றே பொய்த்துவிட்டது.

ஏன் என்பதற்கு மில்வாக்கி நகரத்தில் விடை கிடைத்தது. 1990களின் நடுவில் அங்கே திரும்ப வாங்கிய கைத்துப்பாக்கிகளையும், அதே பகுதியில் கொலைகளுக்குப் பயன்பட்ட கைத்துப்பாக்கிகளையும் ஆய்வாளர்கள் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். மேசைக்கு வந்தவை பழைய, சிறிய அளவுக் குண்டு போடும் ரிவால்வர்கள். கொலையில் சிக்கியவையோ பெரும்பாலும் புதிய, அதிகக் குண்டு கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்கள், அதாவது ஒரு முறை சுட்டதும் அடுத்த குண்டு தானே ஏறிக்கொள்பவை. இரண்டும் இரண்டு வேறு உலகத்துப் பொருட்கள்.

யோசித்தால் இதில் வியப்பில்லை. தினமும் பயத்தோடு தெருவில் நிற்கிற ஓர் இளைஞனுக்குத் துப்பாக்கி என்பது உயிர்க்காப்பு என்ற நம்பிக்கை. பல நூறு டாலர் பெறுமானமுள்ள பிஸ்டலை 100 டாலர் கார்டுக்காக அவன் கொண்டுவந்து தர மாட்டான். வருகிறவர்கள் நடுத்தர வயதுக்காரர்கள், விதவைகள், வீட்டில் இந்தச் சனியன் எதற்கு என்று நினைக்கிற பெற்றோர்கள்.

2021இல் அமெரிக்கப் பொருளியல் ஆய்வாளர்கள் மூவர், 1991 முதல் 2015 வரை பல நகரங்களில் நடந்த நூற்றுக்கணக்கான பைபேக்குகளைக் குற்றப் பதிவுகளோடு வைத்துப் பார்த்தார்கள். துப்பாக்கிக் குற்றம் குறைந்ததற்கான சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த நாட்டில் பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் சுமார் 39 கோடி என்று 2018இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. மக்கள்தொகையைவிட அதிகம். அதில் ஒரு சனிக்கிழமைக்கு நானூறோ ஐந்நூறோ குறைந்தால், குளத்திலிருந்து ஒரு குடம் மொண்டது போலத்தான்.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது

இந்த விவாதத்தில் பத்து நிமிடத்துக்குள் யாராவது ஆஸ்திரேலியாவை இழுத்துவிடுவார்கள். இழுக்கட்டும், ஆனால் முழுதாகச் சொல்ல வேண்டும்.

1996 ஏப்ரல் 28 அன்று டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் சுட்டதில் 35 பேர் இறந்தார்கள். ஜான் ஹோவர்ட் பிரதமராகி அப்போது இரண்டு மாதம்கூட முழுதாக முடியவில்லை. இரண்டே வாரத்துக்குள் மாநிலங்கள் எல்லாவற்றையும் ஒரே உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களும் ஷாட்கன்களும், கையால் இழுத்து அடுத்த குண்டை ஏற்றும் பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்களும் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டன. மற்ற துப்பாக்கிகளுக்குப் பதிவு கட்டாயம். வாங்க வேண்டுமானால் தகுந்த காரணம் காட்ட வேண்டும், 28 நாள் காத்திருக்க வேண்டும். தற்காப்புக்காக என்பது தகுந்த காரணமாக ஏற்கப்படவில்லை. இவ்வளவும் செய்த பிறகுதான் அரசு துப்பாக்கிகளை விலைக்கு வாங்கியது. அதுவும் சந்தை விலைக்கு. அதற்கான பணத்துக்கு, பொது மருத்துவக் காப்பீட்டுக்காக வருமானத்தில் பிடிக்கும் மெடிகேர் வரியை ஒரே ஒரு முறை 0.2 விழுக்காடு உயர்த்தினார்கள். ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகள் அழிக்கப்பட்டன. நாட்டில் இருந்த மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்பது ஒரு கணிப்பு.

அதற்கு முந்தைய 18 ஆண்டுகளில் ஐந்து பேரோ அதற்கு மேலோ பலியான துப்பாக்கிச் சூடுகள் 13 நடந்திருந்தன. பிறகு 20 ஆண்டுகளுக்கு மேல் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. துப்பாக்கிச் சாவுகளும் குறைந்தன. ஆனால் 1996க்கு முன்பே அவை குறையத் தொடங்கியிருந்ததால், எந்த அளவு சட்டத்தின் பலன் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. தற்கொலை விஷயத்தில்தான் சான்று வலுவாக இருக்கிறது. எந்த மாநிலத்தில் அதிகத் துப்பாக்கிகள் திரும்ப வாங்கப்பட்டனவோ, அங்கே துப்பாக்கித் தற்கொலையும் அதிகம் குறைந்தது என்று பொருளியல் ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ லீ, கிறிஸ்டீன் நீல் இருவரும் 2010இல் காட்டினார்கள்.

ஆக, ஆஸ்திரேலியாவில் நடந்தது தடை, பதிவு, உரிமம், விலை என்ற நான்கும் சேர்ந்தது. கொடுத்தவர் அதே கையோடு கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு செமி ஆட்டோமேட்டிக் வாங்க முடியாது. அமெரிக்க நகரத்தில் விருப்பம் இருந்தால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் விடலாம். கொடுத்துவிட்டு மறுநாளே வேறொன்று வாங்கவும் செய்யலாம். பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

கட்டாயமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. கிரைஸ்ட்சர்ச் நகரத்து மசூதிகளில் 51 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு 2019இல் நியூசிலாந்து சுமார் 56,000 துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கியது. அங்கே அப்போது எல்லாத் துப்பாக்கிகளுக்குமான பதிவேடு இல்லை. தடை செய்யப்பட்டவற்றில் எவ்வளவு வந்தது, எவ்வளவு பதுங்கியது என்று கணக்குப் பார்க்கவே வழியில்லாமல் போனது. பதிவேடு வந்தது 2023இல்தான்.

கொலைக் கணக்கை மட்டும் பார்ப்பது

என்னை அதிகம் உறுத்துகிற தவறு இது. பைபேக் பயனற்றது என்று சொல்கிறவர்களும், பயனுள்ளது என்று சொல்கிறவர்களும் ஒரே கணக்கைத்தான் காட்டுகிறார்கள்: கொலை குறைந்ததா, கொள்ளை குறைந்ததா.

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் கொலை 20,958. தற்கொலை 26,328. பாதிக்கு மேல் தாங்களாகவே உயிரை மாய்த்துக்கொண்டவர்கள். இவர்களைப் பற்றி மேசைப் படமும் பேசுவதில்லை, எதிர்ப்பாளரும் பேசுவதில்லை.

தற்கொலை எண்ணம் பெரும்பாலும் ஒரு பேரலை போல வந்து போகிறது. அந்த நேரத்தைத் தாண்டிவிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அந்தத் தாண்டுதலுக்கே வாய்ப்பில்லாமல் போகிறது. அப்புறம் பிள்ளைகள். 2020 முதல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணமே துப்பாக்கிதான்.

இப்போது அந்த மில்வாக்கி ரிவால்வரைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். தெருச் சண்டைக்கு அது உதவாமல் இருக்கலாம். ஆனால் மனம் உடைந்த பதினாறு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டின் அலமாரியில் அது கிடந்தால், அது பழையதா சிறியதா என்பது ஒரு பொருட்டே அல்ல. ஒருநாள் பைபேக் நகரத்தின் மொத்தத் தற்கொலை எண்ணிக்கையை அசைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு அது மிகச் சிறியது, ஆய்வுகளும் அப்படிக் காட்டவில்லை. ஆனால் அந்த ஒரு வீட்டுக்கு அது சிறியதல்ல.

மாசசூசெட்ஸின் வொர்செஸ்டரில் குழந்தைகள் அறுவை மருத்துவர் மைக்கேல் ஹெர்ஷ் 2002இல் தொடங்கிய திட்டம் இந்தப் பார்வையோடுதான் நடக்கிறது. மருத்துவமனையும் காவல்துறையும் சேர்ந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, வகைக்கு ஏற்ற கிஃப்ட் கார்டு தருகின்றன. கொடுக்க மனமில்லாதவருக்கு விசையைப் பூட்டி வைக்கும் பூட்டை இலவசமாகத் தருகின்றன. குற்றத்தை ஒழிக்கிறோம் என்று அறிவிப்பதைவிட, வீட்டைப் பாதுகாக்கிறோம் என்று சொல்வதுதான் நேர்மை. அப்படிச் சொன்னால் சரியான ஆட்களும் வருவார்கள்.

விதிகளை யோசிக்காமல் கடை விரிப்பது

யார் கொடுத்தாலும், எதைக் கொடுத்தாலும் ஒரே விலை என்று வைத்தால் என்ன ஆகும்? 2022இல் ஹூஸ்டனில் ஒருவர் 3டி பிரிண்டரில் அச்சடித்த துப்பாக்கிகளை அறுபதுக்கும் மேல் கொண்டுவந்து பணம் பார்த்தார். அடுத்த முறை அச்சடித்தவை ஏற்கப்படாது என்று மேயர் அறிவிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் யூட்டிக்காவில் ஒருவர் அச்சடித்த பாகங்களைக் கொடுத்து 21,000 டாலருக்குக் கார்டுகள் வாங்கிப் போனார். அதன்பின் அங்கும் விதி மாறியது.

பாஸ்டன் இதில் பாடம் கற்றுக்கொண்ட நகரம். 1993, 1994இல் நடத்தியபோது பழைய ரைஃபிள்களும் ஷாட்கன்களும் நிறைய வந்தன. 2006இல் மாற்றி யோசித்தார்கள். 200 டாலர் கார்டு கைத்துப்பாக்கிக்கு மட்டும். பாஸ்டனில் வசிப்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஆயிரத்துக்கும் மேல் துப்பாக்கிகள் வந்தன, பெரும்பாலும் கைத்துப்பாக்கிகள். அவை முந்தைய குவியலைவிட, குற்றங்களில் பிடிபடும் துப்பாக்கிகளோடு அதிகம் ஒத்திருந்தன. விலையை உயர்த்து, வகையைக் குறுக்கு, வெளியூர்க்காரரைத் தவிர். இவ்வளவுதான் செய்தார்கள்.

வாங்கிய துப்பாக்கி என்ன ஆகிறது என்று கேட்காமல் விடுவதும் தவறு. அரிசோனாவின் டூசானில் 2013 ஜனவரியில் பைபேக் நடந்தபோது, வெளியே தனியார் சிலர் ரொக்கத்தோடு நின்று, வருகிறவர்களிடமே துப்பாக்கியை வாங்கினார்கள். அதே ஆண்டு அம்மாநிலம், காவல்துறைக்கு வந்த துப்பாக்கிகளை அழிக்கக் கூடாது, விற்க வேண்டும் என்று சட்டமே போட்டது. 2023 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இன்னொன்றை வெளிக்கொண்டுவந்தது. அழிக்கச் சொல்லி நகரங்கள் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்த துப்பாக்கிகளில், அந்த நிறுவனங்கள் சட்டப்படி துப்பாக்கி என்று கருதப்படும் ஒரு பாகத்தை மட்டும் நொறுக்கிவிட்டு மீதியை உதிரிப் பாகங்களாக விற்றிருக்கின்றன. நொறுக்குவது யார், முழுதாக நொறுக்குகிறார்களா என்று நகர மன்றத்தில் கேளுங்கள்.

தெருக் கொலையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் வேறு வேலைகளுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். பாஸ்டனில் 1996இல் காவலர்கள், சமூகப் பணியாளர்கள், போதகர்கள் எல்லாரும் சேர்ந்து கும்பல் இளைஞர்களிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். அதன்பின் இளையோர் கொலைகள் 63 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு சொன்னது. பிலடெல்பியாவில் 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் தேர்ந்த சிலவற்றில் குப்பையை அள்ளிப் புல் விதைத்து மரம் நட்டு வேலி போட்டார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்தது. கைத்துப்பாக்கி ஒன்றைக்கூட அவர்கள் வாங்கவில்லை.

கொடுக்கப் போகிறவர் செய்யும் தவறு

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் சிலர் வாங்கிய வீட்டின் பரணிலோ, இறந்த உறவினரின் பொருட்களிலோ துப்பாக்கி கிடைத்துத் திகைக்கிறார்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்குள் நடந்து போகாதீர்கள். பைபேக் நாள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அவசரமல்லாத அழைப்புகளுக்கான எண்ணில் காவல்துறையைக் கூப்பிட்டு, ஒப்படைக்க ஒரு துப்பாக்கி இருக்கிறது என்று சொல்லுங்கள். பல ஊர்களில் எந்த நாளிலும் வாங்கிக்கொள்வார்கள். குண்டை எடுக்கத் தெரியாவிட்டால் தொடாமல் அந்த அறையைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, தெரியாது என்பதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களே வந்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.