கடல் சாமந்திக்கு லைட் வாங்கப் போகிறீர்களா?

நான் முதன்முதலில் வாங்கிய கடல் சாமந்தி (பூ இல்லை, அனிமோன் என்னும் கடல் உயிரி) பால் போல வெள்ளையாக இருந்தது. விரல் நுனிகளில் மட்டும் லேசான ரோஸ். "வெள்ளை ரொம்ப அபூர்வம் சார், விட்டா கிடைக்காது" என்றார் விற்றவர். நம்பி வாங்கிவந்து, நன்னீர் மீன்களுக்கு வைத்திருந்த பழைய பட்டை லைட்டுக்கு அடியில் விட்டேன். மூன்று வாரம்தான். கடைசி நாளில் வாய் பிளந்து கிடந்தது. எடுத்தால் விரலிடுக்கில் கஞ்சிப்பசை போல வழிந்தது. அந்த நாற்றம் அறையை விட்டுப் போக ஒரு நாள் ஆனது.

அது வெள்ளை நிறமே இல்லை, பட்டினி என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கோமாளி மீன் குடியிருக்கும் வகை அனிமோன்களின் சதைக்குள் ஜூக்சாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் வாழ்கின்றன. அனிமோனின் பழுப்பு நிறம் அந்தப் பாசிகளுடையது. அவை ஒளியில் சமைப்பதில் பெரும்பங்கு சாமந்திக்குப் போய்ச் சேர்கிறது. பாசி வெளியேறிவிட்டால் சாமந்தி வெளுக்கும். வாய்வழியாக இறாலும் மீன் துண்டும் தின்னும் என்றாலும், அதை மட்டும் வைத்து நெடுநாள் ஓட்ட முடியாது. ஆகவே லைட் வாங்குவதைத் தொட்டியின் அழகுக்கான செலவாக நினைக்காதீர்கள், அது சாமந்தியின் சாப்பாட்டுச் செலவு.

முதலில் எந்தச் சாமந்தி என்று முடிவு செய்யுங்கள், லைட் அப்புறம். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். பபுள் டிப் என்ற வகை பாறை இடுக்கில் பாதத்தைச் செருகிக்கொண்டு வாழும், நடுத்தர ஒளி போதும். லாங் டென்டகிளும் செபேயும் மணலுக்குள் பாதத்தைப் புதைத்துக்கொள்பவை, அதனால் உங்கள் லைட் தொட்டியின் அடிவரை இறங்க வேண்டும். ஹேடோனி கார்ப்பெட்டும் மணல்வாசிதான். மேக்னிஃபிகாவும் ஜைகான்டியாவும் வேறு ரகம். வெயில் நன்றாக விழும் ஆழமற்ற கடலில் வாழ்பவை, மங்கலான தொட்டியில் தாக்குப்பிடிக்காது. முதல் தடவை வாங்குபவர் பபுள் டிப்பைத் தாண்டிப் போக வேண்டாம் என்பது என் கட்சி. குழாய் அனிமோன் என்று ஒன்று விற்பார்கள், அதற்குள் பாசியே கிடையாது. அதற்கு லைட் தேவையில்லை, தீனிதான் தேவை.

இனி பெட்டியின் மேல் அச்சடித்த எண்கள். வாட் என்பது லைட் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பது மட்டும்தான். 'இத்தனை லிட்டருக்கு இத்தனை வாட்' என்ற கணக்கு டியூப் லைட் காலத்தோடு போயிற்று. லூமென் மனிதக் கண்ணுக்கான அளவு. நம் கண்ணுக்குப் பச்சைதான் பளிச்சென்று தெரியும், நீலம் மங்கல். பாசிக்கோ நீலம்தான் விருந்து. அதனால் லூமெனும் லக்ஸும் இங்கே ஏமாற்றும். கெல்வின், அதாவது 10,000, 14,000, 20,000 என்று போடுகிறார்களே, அது ஒளியின் சாயலைச் சொல்லும், பலத்தைச் சொல்லாது. எண் ஏற ஏற நீலம் கூடும். நீங்கள் தேட வேண்டிய எழுத்து பார், ஆங்கிலத்தில் PAR (ஆம், பாருங்கள் என்பதில் வரும் பார்தான், நினைவில் நிற்கும்). 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்ற கணக்கு அது. உச்சி வெயிலில் கடலின் மேற்பரப்பில் ஏறத்தாழ 2000 வரை இருக்கும். உள்ளே இறங்க இறங்கக் குறையும், சிவப்பு முதலில் தண்ணீரில் கரைந்துபோகும், நீலம்தான் ஆழம்வரை போகும்.

நான் கைக்கொள்ளும் பார் அளவு இது: பபுள் டிப்புக்கு 120 முதல் 250 வரை. மணல்வாசிகளுக்கு அவை உட்காரும் மணலிலேயே 150க்குக் குறையாமல். மேக்னிஃபிகா, ஜைகான்டியாவுக்கு 300க்கு மேல். இவை சட்டம் இல்லை. அந்த எண் எந்த இடத்தில் அளந்தது என்பதுதான் முக்கியம். விளம்பரத்தில் வரும் 600 என்ற எண், லைட்டுக்கு நேர் கீழே, தண்ணீருக்கு மேலே, நட்டநடுவில் அளந்ததாக இருக்கும். 60 சென்டிமீட்டர் உயரமான என் தொட்டியில் பாறை உச்சியில் 240, நடுமணலில் 90, மூலையில் 45. ஒரே லைட்தான், ஒரே நேரம்தான். சாமந்தியின் பாதம் எங்கே ஒட்டுமோ அங்கே எவ்வளவு என்று கேளுங்கள்.

லைட் வகைகளில் மெட்டல் ஹாலைடு பல்பு ஒருகாலத்து ராஜா. தண்ணீருக்குள் சூரிய ஒளி நெளிவதுபோல் நெளியும், பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் தொட்டியை அடுப்பில் வைத்ததுபோல் சூடாக்கும், கூடவே தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வேண்டிவரும். டி5 டியூப் ஒளியை நிழலில்லாமல் சமமாகப் பரப்பும். வெளியே பார்க்க எரிந்துகொண்டிருந்தாலும் உள்ளே பலம் குறைந்துகொண்டே வரும் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறையாவது டியூப் மாற்ற வேண்டும். நான் நான்கு வருஷம் டி5 வைத்திருந்தேன், குறை சொல்ல மாட்டேன்.

இன்று புதிதாக வாங்குபவருக்கு எல்.இ.டி.தான் என் சிபாரிசு. காரணம் மின்சாரச் சிக்கனம் மட்டுமல்ல, குறைத்துக் கூட்டும் வசதி. நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் குறைக்க முடியாத எல்.இ.டி. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அடுத்தது லென்ஸ். 60 டிகிரி போன்ற குறுகிய லென்ஸ் ஒளியை ஈட்டி மாதிரி இறக்கும், நடுவில் சுடும், பக்கத்தில் இருட்டு. ஆழமான தொட்டிக்கு அது சரி. 45 சென்டிமீட்டர் உயரத் தொட்டிக்கு 90 அல்லது 120 டிகிரி போதும். லைட்டைத் தண்ணீரிலிருந்து 20 – 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டால் ஒளி நன்றாகப் பரவும், உப்புத் தெறிப்பும் குறையும். தெறித்துக் காய்ந்த உப்பு லென்ஸில் வெள்ளைப் படலமாகப் படிந்து ஒளியைத் தின்னும். வாரம் ஒருமுறை, லைட்டை அணைத்து ஆறவிட்டு, ஈரத்துணியால் துடையுங்கள்.

பார் மீட்டர் விலையுள்ள சாமான். சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, வைத்திருப்பவரிடம் ஒரு நாள் இரவல் வாங்கினால் போதும். பழைய மாடல் சென்சார்கள் நீல எல்.இ.டி.யைக் குறைத்துக் காட்டும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டியை மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு தாளில் கட்டம் போட்டு, மணல், பாறை நடு, பாறை உச்சி என்று மூன்று உயரத்திலும் அளந்து எழுதுங்கள். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும், நீர்ப்பரப்பு ஆடும்போது எண் எகிறிக் குதிக்கும், நடுமதிப்பை எடுத்தால் போதும். என் தாள் இன்னும் தொட்டி ஸ்டாண்டின் கதவுக்குள் ஒட்டியிருக்கிறது.

இரண்டாவது சாமந்தி விஷயத்தில் நேர் எதிரான தப்பைச் செய்தேன். புது எல்.இ.டி. வந்த சந்தோஷத்தில் நூறு சதவீதத்தில் எரியவிட்டேன். நன்றாக விரிந்திருந்த பபுள் டிப் மறுநாள் எலுமிச்சை அளவுக்குச் சுருங்கிவிட்டது. வாயிலிருந்து பழுப்பு நூல் மாதிரி சளி வந்துகொண்டே இருந்தது. கூர்ந்து பார்த்தால் நூலுக்குள் பொடிப்பொடியாகத் தவிட்டு நிறம். பாசிகளை மூட்டை கட்டி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் பாறைக்குப் பின்னால் ஒளிந்தது. ஒளியை 35 சதவீதத்துக்கு இறக்கி, வாரத்துக்கு 5 சதவீதமாக ஏற்றினேன். பழைய பழுப்பு திரும்ப இரண்டரை மாதம் பிடித்தது. புது லைட்டோ புதுச் சாமந்தியோ, பாதிக்கும் கீழேயிருந்தே தொடங்குங்கள். வெளுத்துப்போன சாமந்தியைத் தேற்றும்போது இன்னும் கவனம் வேண்டும். பசித்தவனுக்கு முழுச் சாப்பாடு போடக்கூடாது என்பதுபோல, பலமான ஒளி அதைக் கொன்றுவிடும்.

வாங்குமிடத்திலும் லைட் விளையாடும். நீல ஒளியில் எல்லாச் சாமந்தியும் நியான் பலகைபோல் மின்னும், வெளுத்தது கூட அழகாகத் தெரியும். "அண்ணே, ஒரு நிமிஷம் வெள்ளை லைட்டைப் போடுங்க" என்று கேளுங்கள். முடியாது என்றால் உங்கள் போன் டார்ச் போதும். உடம்பு பழுப்பாகவோ பச்சை கலந்தோ, ஒளி ஊடுருவாமல் இருக்க வேண்டும். கண்ணாடி போலத் தெரிந்தாலோ, பளீர் மஞ்சள் அல்லது ஊதா ஒரே சீராக இருந்தாலோ தொடாதீர்கள். வெளுத்த செபேக்குச் சாயம் ஏற்றி விற்பது பழைய தந்திரம்.

தினமும் 8 முதல் 10 மணிநேரம் போதும், டைமரில் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, சாமந்திக்குக் கால் உண்டு. ஒளி போதவில்லை என்றால் தண்டை நீட்டிக்கொண்டு, உச்சியை நோக்கியோ கண்ணாடி மேலேயோ ஏறும். அதிகமானால் நிழலுக்கு இறங்கும். நீரோட்டமோ நீரின் தரமோ பிடிக்காவிட்டாலும் நகரும் என்பதால், எடுத்தவுடன் லைட்டைத் திருகாமல் உப்பளவையும் சூட்டையும் முதலில் பாருங்கள். நடக்கும் சாமந்தி வேவ்மேக்கரில் (தொட்டியில் அலை கிளப்பும் பம்ப்) சிக்கினால் துருவலாகிவிடும், தொட்டி முழுக்க நஞ்சாகும். அது நிலைகொள்ளும்வரை பம்புகளுக்கு ஸ்பாஞ்சோ வலையோ போட்டு வையுங்கள். நடந்துகொண்டிருப்பதைப் பிய்த்து 'நல்ல' இடத்தில் வைக்காதீர்கள், பாதம் கிழிந்தால் பிழைப்பது கஷ்டம்.

இப்போதுள்ள பபுள் டிப்புக்காக 220 பார் விழும் இடத்தில், பாதம் செருகத் தோதான இடுக்கோடு பாறை அடுக்கினேன். முதல் இரவே இறங்கிவிட்டது. காலையில் பார்த்தால் பக்கத்துப் பாறைச் சரிவில், நான் கணக்கிலேயே எடுக்காத ஒரு பொந்தில் உட்கார்ந்திருந்தது. மீட்டரை நீட்டினேன், 140. இரண்டு வருஷமாகிறது, அங்கேதான் இருக்கிறது. நான் அடுக்கிய இடுக்கில் ஒரு இறால் குடியேறிவிட்டது.