பெப்டைடு சீரம் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் அழகு நிலையம் நடத்தும் எனக்கு, பெப்டைடு சீரத்தை, அதாவது பெப்டைடு கலந்து முகத்தில் பூசும் நீர்மத்தை, புதிதாகத் தொடங்குபவர்களைப் பார்க்கும்போது, இத்தொழிலின் தொடக்கத்தில் நாங்கள் கண்ட அதே பிழைகள் மீண்டும் நிகழ்வது தெரிகிறது. முகம் கழுவாமல் பூசுவது போன்ற சிறு பிழைகளை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றை ஒருவர் தாமே திருத்திக்கொள்வார்.

ஸ்டீராய்டு கிரீம் பூசிய முகத்தில் பெப்டைடு

இன்றும் என்னைக் கோபப்படுத்துவது இதுதான். மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கிய, நிறம் கூட்டும் கிரீமை மாதக்கணக்கில் பூசி வருபவர்கள் அதை யாரிடமும் சொல்லாமல் சீரத்தைத் தொடங்குகிறார்கள். அத்தகைய கிரீம்கள் பலவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகிய ஸ்டீராய்டு மருந்துகளில் ஒன்று இருக்கும். இவை தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் உருவாவதைத் தடுத்துத் தோலை மெலிதாக்குகின்றன. பெப்டைடு என்பது அமினோ அமிலங்களின் குறுஞ்சங்கிலி; பால்மிடாயில் பென்டாபெப்டைடு-4 போன்றவை கொலாஜனை உருவாக்கும்படி தோல் செல்களைத் தூண்டுவதற்காகவே சேர்க்கப்படுகின்றன. ஒரு கை கட்டுவதை மறு கை இடிப்பது போன்றது இந்தக் கூட்டு.

குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு மணப்பெண், சீரத்தைத் தொடங்கிய அன்றே பழைய கிரீமை நிறுத்திவிட்டார். சில நாட்களில் கன்னங்கள் சிவந்து எரிந்து, பருக்கள் கிளம்பின. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதால் வரும் எதிர்விளைவு அது. ஆனால் வீட்டார் பழியைச் சீரத்தின் மேல் போட்டு, பழைய கிரீமையே மீண்டும் பூசச் சொன்னார்கள். பூசியதும் சிவப்பு அடங்கியது, அதையே அந்தக் கிரீம் நல்லது என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். எங்களிடம் வந்தபோது கன்னத்தில் மெல்லிய இரத்தக் குழாய்கள் தெரிந்தன. மணநாள் ஒப்பனையே அவருக்கு எரிச்சலாக இருந்தது. சீரத்துக்குச் செலவழித்த பணம் போனதைவிட, சரியான மருத்துவம் பல மாதம் தள்ளிப்போனதே பெரிய இழப்பு.

ஆகவே எந்தச் சீரத்தையும் திறப்பதற்கு முன், ஏற்கெனவே பூசும் கிரீமின் டியூபைத் திருப்பிப் படியுங்கள். 2018-இல் இந்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருந்துச்சீட்டு கட்டாயமாகும் அட்டவணை எச்-இன் கீழ் கொண்டுவந்தது. அப்படியிருந்தும் பக்கத்து வீட்டார் சொல்லி வாங்கும் வழக்கம் ஓயவில்லை. மேற்சொன்ன பெயர்களில் ஒன்று இருந்தால், எப்படி நிறுத்துவது என்பதைத் தோல் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும், சி.எம்.சி.யிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலோ காட்டிவிட்டு வாருங்கள். பெப்டைடு அதுவரை காத்திருக்கலாம்.

காப்பர் பெப்டைடும் வைட்டமின் சி-யும்

நீல நிறமுள்ள காப்பர் பெப்டைடையும், அமிலத்தன்மை மிகுந்த வைட்டமின் சி சீரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசாதீர்கள். காப்பர் வைட்டமின் சி-யைச் சிதைக்கும். அமிலம் பெப்டைடிலிருந்து காப்பரைப் பிரித்துவிடும். காலையில் ஒன்று, இரவில் மற்றொன்று என்று பிரித்துக்கொண்டால் போதும்.

பாட்டிலில் உள்ள சதவீதம்

"10 சதவீதம்" என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலும் அது பெப்டைடு கலந்த கரைசலின் அளவு. அதில் தூய பெப்டைடு மிகச் சிறு பங்கே இருக்கும். மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்யும்படி இவை சேர்க்கப்படுவதால், அதைக் குறையாகவும் கருத வேண்டியதில்லை. சதவீதத்தை வைத்து இரண்டு பாட்டில்களை ஒப்பிடுவதுதான் பிழை.

பெப்டைடு ஃபேஸ்வாஷ்

கழுவிவிடப்போகும் பெப்டைடுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஊசி

"ஆய்வுக்கு மட்டும்" என்று அச்சிட்ட பெப்டைடு குப்பிகளை ஊசி மூலம் உடலில் ஏற்றவே கூடாது.

அவசரம்

பத்து நாளில் மாற்றம் இல்லையென்று பாட்டிலை மாற்றுகிறார்கள். கொலாஜன் மெதுவாக உருவாவது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஒரே சீரத்தைப் பூசிய பிறகு முடிவு செய்யுங்கள். சன்ஸ்கிரீன் இல்லாமல் அந்தக் கணக்கைத் தொடங்கவே வேண்டாம், ஏனெனில் புற ஊதாக் கதிர்கள் இருக்கும் கொலாஜனையும் அன்றாடம் சிதைக்கின்றன.

வெப்பம்

கத்திரி வெயிலில் வேலூர் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. ஜன்னலோர அலமாரியிலும், வண்டியின் சீட்டுக்கு அடியிலும் சீரத்தை வைக்காதீர்கள். வீட்டின் குளிர்ந்த, இருண்ட மூலையே அதற்கு இடம். நிறமோ மணமோ மாறியிருந்தால், விலை எவ்வளவாக இருந்தாலும், அந்தப் பாட்டிலை முகத்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.