காற்றாலை இறக்கையை ஏற்றுமுன் வளைவை அளந்துவிடுங்கள்

பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து 44 மீட்டர் இறக்கை ஒன்றை வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோவதாக வைத்துக்கொள்வோம். எடை 10 டன் அளவுதான்; டிரெய்லரை இழுக்கும் பிரைம் மூவருக்கு அது பொருட்டே இல்லை. பாடாய்ப் படுத்துவது நீளம், அதுவும் முச்சந்தியில்.

கிங்பின்னுக்கும் (டிரெய்லரை பிரைம் மூவரோடு இணைக்கும் முளை) பின் அச்சுத் தொகுதியின் நடுவுக்கும் இடையே 30 மீட்டர், அதற்குப் பின்னால் நீளும் வால் 12 மீட்டர். கிங்பின் 40 மீட்டர் ஆரத்தில் வட்டமடித்தால், பின்சக்கரம் திரும்பாத டிரெய்லரின் பின் அச்சு 26.5 மீட்டர் ஆரத்தில் ஓடும். அதாவது 13.5 மீட்டர் உள்ளே வெட்டும் (40-இன் வர்க்கத்தில் 30-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள்). 90 டிகிரி திருப்பத்தில் இது குறையும். ஆனாலும் கடைவீதி தாங்காது. பின்சக்கரத்தையும் திருப்பி 40 மீட்டர் ஆரத்திலேயே ஓடவிட்டால் டிரெய்லரின் நடு 3 மீட்டர்தான் உள்வாங்கும், ஆனால் வால் நுனி 6 மீட்டர் வெளியே வீசும். எல்லோர் கண்ணும் உள்பக்கத்தில் இருக்க, வெளிப்பக்க விளக்குக் கம்பம் சாய்வது இப்படித்தான். அங்கே வாக்கி டாக்கியோடு ஓர் ஆளை நிறுத்துங்கள்.

இந்த அளவுகளோடு பாதையை நடந்து பார்த்து, கழற்ற வேண்டிய பலகைகளையும் தாழ்ந்த கம்பிகளையும் குறித்த பிறகே ஜேபிஜே (மலேசிய சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதிக்குப் போங்கள். நெடுஞ்சாலை நிர்வாகத்திடமும் போலீசிடமும் தனியே பேச வேண்டும். டோலில் அகலமான பாதை எது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இறக்கையின் அடிப்பகுதியை போல்ட் போட்டு இரும்புச் சட்டத்தோடு பிணைக்க வேண்டும். நுனிப்பக்கத் தாங்கி, தயாரிப்பாளர் குறியிட்ட இடத்தில் மட்டுமே உட்காரலாம். தள்ளி வைத்தால் வலுவில்லாத தோலில் பாரம் விழும். சங்கிலி வேண்டவே வேண்டாம், அகலப் பெல்ட் போதும். மெல்லிய பின்விளிம்புக்கு உறை போடாமல் பெல்ட்டை இறுக்கினால் உள்ளே ஒட்டு விட்டுவிடும். வெளியே கீறல்கூடத் தெரியாமல் போகலாம். நாணயத்தால் தட்டினால் அந்த இடம் மந்தமாக ஒலிக்கும். புறப்படுமுன் தட்டிப் பார்த்துப் படமெடுத்து வையுங்கள்.

கிரேனில் தூக்குவதற்கான காற்று வேக வரம்பு கையேட்டில் இருக்கும். மாலை மழைக்கு எல்லோரும் தயாராக இருப்பார்கள். தென்மேற்குப் பருவத்தில் விடியலுக்கு முன் பாயும் சுமத்ரா சூறைக்காற்றுதான் இரவு வண்டிக்கு எமன்.

நாசெல்லுக்கு (கோபுர உச்சியில் இயந்திரங்கள் இருக்கும் கூடு) வேறு கவலை: சுழலாமல் நின்றபடியே அதிர்ந்தால் பேரிங் உருளைகள் தடத்தில் பள்ளம் பதிக்கும். அதிர்வைப் பதியும் கருவி பொருத்துங்கள்.

முதல் 10 கிலோமீட்டரில் வண்டியை ஓரங்கட்டி பெல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். அடியில் வைத்த ரப்பர் அமுங்கி, புறப்பட்டபோது விறைப்பாக இருந்த பெல்ட் அதற்குள் தளர்ந்திருக்கும்.