பள்ளிக்கூட சாண்ட்விச்: கடற்கரைப் புழுக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை ஏழரைக்குக் கட்டிக்கொடுக்கும் சாண்ட்விச்சைப் பிள்ளை பிரிப்பது பன்னிரண்டரைக்கு. ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கத்துப் புழுக்கத்தில் அது ஐந்து மணி நேரம் டப்பாவுக்குள் கிடக்கிறது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதை நினைக்காமல் வீடியோவில் பார்த்ததைச் செய்துகொடுப்பதுதான் பெரிய தவறு.

மயோனைஸ் வேண்டவே வேண்டாம். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. முட்டையில்லாததும் திறந்தபின் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டியதுதான்.

நம் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று சூரைமீன் புட்டை உள்ளே வைப்பார்கள். நன்றாக வறுத்துவிட்டால் கெடாது என்ற நம்பிக்கை தவறு. ஐஸ் படாமல் கிடந்த சூரையிலும் கானாங்கெளுத்தியிலும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேர்ந்துவிடும். எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. முகம் சிவக்கும், அரிக்கும், தலை வலிக்கும், வாந்தி வரும். மீன் நல்ல மீனாகவே இருந்தாலும் ஐந்து மணி நேரம் தாங்காது. மீன், முட்டை, கோழி, உருளைக்கிழங்கு மசாலா எல்லாம் வீட்டில் சாயங்காலம் சுடச்சுடக் கொடுங்கள்.

பள்ளிக்குத் தண்ணீர் சேராத பூரணம்தான் சரி. முண்டு மிளகாய் போட்டு இடித்த இட்லிப் பொடியை நல்லெண்ணெயில் கெட்டியாகக் குழைத்து, ரொட்டியின் ஓரம்வரை தடவுங்கள். அல்லது வறுத்த வேர்க்கடலையையும் கருப்பட்டியையும் சேர்த்துப் பொடித்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு நெய் விட்டால் உதிராது. இரண்டுமே செலவு குறைவு. பிள்ளைகள் கருப்பட்டிக்கு மயங்கிவிடுவார்கள். வெள்ளரி, தக்காளியை உள்ளே அடுக்கினால் ரொட்டி ஊறிவிடும், ஒரு வாழைப்பழம் கொடுத்தனுப்பினால் போதும்.

டோஸ்ட் செய்த சூட்டோடு டப்பாவை மூடாதீர்கள். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்து, சொட்டுச் சொட்டாக இறங்கி, மொறுமொறுப்பான ரொட்டியைக் களியாக்கிவிடும். கம்பி வலையில் ஆறவிட்டுக் கட்டுங்கள். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், மை ஒட்டும்.

பழுப்பு நிறத்தைப் பார்த்து கோதுமை ரொட்டி என்று கூடுதல் விலை கொடுப்பவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். பொருட்களின் பட்டியலில் அதிகம் உள்ளதுதான் முதலில் வரும். அங்கே மைதா இருந்தால் அது மைதா ரொட்டிதான். ஒரு துண்டில் பூஞ்சை தெரிந்தாலும் முழுப் பாக்கெட்டையும் தூக்கிப் போடுங்கள். ஈரக்காற்றில் சீக்கிரம் பூக்கும் என்பதால் சின்னப் பாக்கெட் வாங்குவதே சிக்கனம்.

வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்று டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் பங்குபோட்டுத்தான் சாப்பிடுவார்கள்.